சொந்தக்காரர் இல்லாதவை

முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று, வெறும் ஒன்று, நான்கே எழுத்து, அதைப் பார்த்தேனா பார்க்கவில்லையா என்று அர்ஜுனன் திரும்பத் திரும்பத் தன்னையே கேட்டுக்கொண்டான், பார்த்தேன், கண் அதன்மேல் ஓடியது, யூ, ஒய், ஐ, ஆர், ஏதோ பழைய விளையாட்டு விட்டுவிட்டுப் போன குப்பை என்று நினைத்தேன், இல்லை, நினைக்கக்கூட இல்லை, நினைத்திருந்தால் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்திருப்பேன், உயிர் என்று காதில் விழுந்திருக்கும்... ஆங்கில எழுத்துக்குள் ஒரு தமிழ் வார்த்தை உட்கார்ந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும், கம்ப்யூட்டர் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் இங்கிலீஷ்தானே. இப்போது திரையில் இருப்பது எந்த மொழியும் இல்லை. தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகள், இரட்டைப் புள்ளி சுமக்கும் எழுத்துகள், தலைகீழாகத் தொங்கும் கேள்விக்குறி, பவுன் குறி, வரிக்கு மேலே பறக்கும் சின்னப் பூஜ்யம், நான்கு பக்கமும் இப்படியே. மூடினான், திறந்தான், அணைத்துப் போட்டான், மறுபடி திறந்தான், அதே குப்பை. ஆனால் வேகமாகத் திறந்தது. அதுதான் கொடுமை. மதியம் அவன் வந்தபோது ஒரு கோப்பி குடித்து முடிக்கிற நேரம் எடுத்துக்கொண்ட மெஷின், இப்போது விரலை எடுக்கும் முன்னே திறந்து காட்டுகிறது, இந்தா பார், இந்தா பார் என்று.

பினாங்கில், பாயான் பாருவில், வரிசை வீடுகளில் கடைசி வீடு, ஹாலின் மூலையில் கம்ப்யூட்டர் மேசை, அதற்கு எதிர்ச்சுவரில் மாலை போட்ட சிவகுருநாதன் படம், துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிளார்க்காக இருந்தவர், படத்திலும் சட்டைப்பையில் இரண்டு பேனா. இறந்து இருபத்தெட்டு நாள். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்று. அன்றைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுக்க வேண்டும், யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பங்களில் அது வழக்கம், போனவருடைய வாழ்க்கையை எழுதி அச்சடித்துக் கொடுப்பார்கள், அதற்குக் கல்வெட்டு என்று பேர். முதல்முறை அந்த வார்த்தையைக் கேட்டபோது கல்லிலா வெட்டுவார்கள் என்று அர்ஜுனன் கேட்டுவிட்டான், அவர் மனைவி கமலாம்பிகை அக்கா அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டாள், காகிதம்தான் தம்பி, வாய்தான் கல் எண்டு சொல்லும் என்றாள். மற்ற வீடுகளில் பிள்ளைகள் எழுதுவார்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்துப் புலவரைப் பிடிப்பார்கள். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஈரலில் வந்தது இனிப் போகாது என்று டாக்டர் சொன்ன வாரமே சிவகுருநாதன் உட்கார்ந்து தன்னுடையதைத் தானே எழுத ஆரம்பித்தாராம், இந்த மேசையில், இந்த நாற்காலியில், காலுக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டு, மூன்று மாதம். மூன்று மாதம் எழுதியதை நான் மூன்று நிமிடத்தில்... மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எவ்வளவு அழிந்தது என்று காட்டும் அந்தக் கோடு இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போவதை நான் பார்க்கக்கூட இல்லை, ஜன்னலுக்கு வெளியே ஃபேக்டரி பஸ் ஒன்று போனது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது அவன் வழக்கமாகச் செய்வதுதான். கொம்தாரில் மூன்றாம் மாடிக் கடையில் வாங்கிய, கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிற சாஃப்ட்வேர் சிடி, அட்டையில் பேரைக்கூடப் பேனாவால் எழுதியிருந்தார்கள். வேலை போன பிறகு இந்த ஆறு மாதத்தில் கம்ப்யூட்டர் பார்க்கப் போனது அறுபது வீடாவது இருக்கும், எங்கே போனாலும் முதலில் அதைத்தான் ஓட்டுவான். ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லவும் கற்றுக்கொண்டிருந்தான், கம்ப்யூட்டர் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, ரெஜிஸ்ட்ரி என்று பேர், வந்தவன் போனவன் எல்லாருடைய பேரும் அதில் இருக்கும், போனவன் பேரை யாரும் அடிப்பதில்லை, அதனால் ஒவ்வொரு தடவையும் எல்லாப் பேரையும் படித்துவிட்டுத்தான் அது எழுந்திருக்கும், நாம் போனவர்களை எடுத்துவிட்டால் லேசாகிவிடும்... இன்றைக்கும் இதைத்தான் சொன்னான், மாலை போட்ட படத்துக்கு எதிரே நின்றுகொண்டு, போனவர்களை எடுத்துவிட்டால் லேசாகிவிடும் என்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். சாஃப்ட்வேர் ஒரு பட்டியல் காட்டும், இன்றைக்கு அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். மேலே சொந்தக்காரர் இல்லாதவை என்று ஆங்கிலத்தில் தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னக் கட்டம், கட்டத்துக்குள் டிக், டிக்கை அதுவே போட்டு வைத்திருக்கும், எதையாவது வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நாம்தான் எடுக்க வேண்டும். சிவகுருநாதன் யாரோ செய்த தமிழ் எழுத்துருவை வாங்கி, அதில் தனக்குப் பிடிக்காத வளைவுகளையெல்லாம் தானே திருத்தி, வேறு பேர் வைத்து, வேறு இடத்தில் போட்டிருக்கிறார். சாஃப்ட்வேருக்கு என்ன தெரியும், பழைய பேரைத் தேடியிருக்கிறது, காணவில்லை, இது யாருடையதும் இல்லை என்று டிக் போட்டுவிட்டது. பேரும் போனது, பேருக்குரிய எழுத்துருவும் போனது. பழைய பதிவேட்டை ஒரு பிரதி எடுத்து வைக்கவா என்று அது கேட்கத்தான் செய்தது. டிஸ்கில் இடம் இல்லை, பிரதி எடுத்தால் இருபது நிமிடம் ஆகும், வேண்டாம் என்று அழுத்தினான். அறுபது வீட்டில் ஒரு வீட்டில்கூடப் பிரதி தேவைப்பட்டதில்லை.

டிக்கை நான் போடவில்லை... இந்த வாக்கியம் வந்ததும் அவனுக்குத் தோன்றியது, இது முதல் தடவை இல்லை, இதே வாக்கியத்தை இதே ராகத்தில் எங்கேயோ சொல்லியிருக்கிறோம். பாயான் லெப்பாஸ் சில்லு ஃபேக்டரியில், போன வருடம் மார்ச்சில், கண்ணாடி அறைக்குள் அவன் முன்னால் வைத்த காகிதம், லைனில் நாற்பத்திரண்டு பேர், பதினேழு பேருக்குப் பக்கத்தில் ஏற்கனவே டிக் போட்டிருந்தது. வேலையை விட்டு நிறுத்த வேண்டாம் என்று நினைத்தால் டிக்கை வெட்டிவிடு, ஓரத்தில் காரணம் எழுது, அவ்வளவுதான், லைன் லீடர் நீதானே, உனக்குத் தெரியாததா என்றார் மேனேஜர். ஆறாவது பேர் ரொஸ்னா. பதினொரு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள், சில்லில் தலைமுடிக் கீறல் இருந்தாலும் சொல்லிவிடுவாள், அந்த வருடம் மட்டும் லீவு அதிகம், பிள்ளைக்கு இரத்தத்தில் ஏதோ, வாரத்துக்கு ஒருநாள் ஆஸ்பத்திரி. அவனுக்கு அது தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. காரணம் எழுத ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். மலாயில் எழுதவா இங்கிலீஷில் எழுதவா, ஒருத்திக்கு எழுதினால் மற்ற பதினாறு பேருக்கும் எழுத வேண்டாமா, ஐந்தரை மணி பஸ் வாசல் கேட்டுக்கு வந்துவிட்டது, ஹாரன் சத்தம் கேட்டது, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு மாதம் கழித்து பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தைக் கூட்டத்தில், ரொஸ்னாவைப் பார்த்தான், ஒளிந்துகொள்ள நினைத்தான், அவளே வந்து, "அபாங், அனாக் சிஹாட்?" என்று அவன் பிள்ளைகள் சுகமா என்று கேட்டாள். அவள் பிள்ளையைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பிறகு இந்தப் பிப்ரவரியில் வேறொரு கண்ணாடி அறையில் வேறொரு காகிதம், அதில் அவன் பேர். யாரோ ஒருவனுக்கு பஸ் வந்திருக்கும்.

"தம்பி, முடிஞ்சுதோ?"

அடுப்படியிலிருந்து குரல். ஆச்சுக்கா, இன்னும் கொஞ்சம்தான் என்றான், வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. திரையைச் சின்னதாக்கினான், ஒரு மலைப்படம் வந்து நின்றது. அவள் தேத்தண்ணியோடு வந்தாள், கறுப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை, கண்ணாடி இல்லை, கண்ணாடி இல்லாமல் அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆளே புகைமாதிரித்தான் தெரியும் என்று போன தடவை சொல்லியிருந்தாள். முப்பது வருடம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவள் ஓய்வு பெற்றபோது கொடுத்த வாழ்த்துப்பத்திரம் சட்டம் போட்டு மேசைக்கு மேலேயே தொங்குகிறது, தங்க எழுத்தில் கமலாம்பிகை. அவர் டிஸ்கெட் ஏதாவது வைத்திருப்பாரா அக்கா, இந்த எழுத்துக்கென்று தனியாக, என்று ஒன்றும் நடக்காததுபோல் கேட்டான். பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். பதினாலு டிஸ்கெட், எல்லாவற்றிலும் அவருடைய துறைமுகக் கையெழுத்தில் சீட்டு, எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை, பினாங்குக் காற்றுக்கு இரண்டு மழை போதும். ஒன்றில் உயிர் என்று தமிழிலேயே எழுதியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துச் செருகினான். டிரைவ் கரகரவென்று அரைத்தது, நின்றது, மறுபடி அரைத்தது, படிக்க முடியவில்லை என்றது. அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அந்த எழுத்துக்கு உயிர் எண்டு பேர் வைச்சார், தம்பி. என்னை ஒரு நாளும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் போகவில்லை. மூன்று மாதமும் அவர் எழுதும்போது அவள் உள்ளே வந்தால் திரையைக் கையால் மறைத்துக்கொள்வாராம், சின்னப்பிள்ளை பரீட்சையில் மறைப்பதுபோல், அச்சாகி வரட்டும் அப்ப வாசி என்பாராம். ஆயிரம் பிள்ளைகள் எழுதினதைத் திருத்தினவள் நான், எனக்கே காட்டல்லை, பிழை பிடிப்பன் எண்ட பயமாக்கும். பிறகு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மாலை போட்ட படத்துக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல்: "முப்பத்தேழு வருசத்திலே என்னைப் பற்றி நல்லதாவோ கெட்டதாவோ ஒரு வார்த்தை வாய் திறந்து சொன்ன மனுசன் இல்லை. எழுத்திலையாவது சொல்லியிருப்பார். அதை வாசிக்கத்தான் இருக்கிறன், தம்பி."

அர்ஜுனன் தேத்தண்ணியைக் குடித்தான். டெலிபோன் அடித்தது, அவளே எடுத்து, உங்களுக்குத்தான் என்று நீட்டினாள். சூலியா ஸ்திரீட்டில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் காஜா மொய்தீன், என்னா அர்ஜுனண்ணே, சாமான் ரெடியா, அஞ்சு மணிக்கு மோட்டார்ல வந்து டிஸ்கெட்ட எடுத்துக்கிறேன், நாளைக்கு வெள்ளிக்கிழமை, பாதி நாள்தான் மெஷின் ஓடும், இன்னிக்கு விட்டா சனிக்கிழமைதான், சனிக்கிழமை காலையில கையில கெடச்சாலும் பாத்துக்கலாம், அதுக்கு மேல என்னால முடியாதுலா. சரிண்ணே என்று வைத்தான். மணி மூன்று ஐம்பது. அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள், தட்டுகளை அடுக்கும் சத்தம். மலைப்படத்தை விலக்கி அந்தக் குப்பையை மறுபடி எடுத்தான். ஒரு வழி இருக்கிறது, அது அவனுக்கு அரைமணி முன்பே தெரியும், தெரிந்தும் கிட்டே போகாமல் சுற்றிக்கொண்டிருந்தான். எழுத்து அழியவில்லை. சட்டைதான் போய்விட்டது, ஆள் அந்தந்த இடத்தில்தான் நிற்கிறான். தொப்பி போட்ட எழுத்து எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஒரே தமிழ் எழுத்து. எந்தக் குறி எந்த எழுத்து என்று கண்டுபிடித்துவிட்டால் நான்கு பக்கத்தையும் கையால் எழுதி எடுத்துவிடலாம், ஒரு ராத்திரி, ஒரு பகல், ஆனால் அதற்குத் தமிழ் நன்றாகத் தெரிந்த ஆள் வேண்டும், வாரத்தில் இரண்டு பீரியட் படித்த அர்ஜுனன் போதாது, கடை போர்டு படிக்கத்தான் ஆவான். டீச்சர் வேண்டும். டீச்சர் அடுப்படியில் இருக்கிறாள். அவளிடம் போய், அக்கா, நான் அழித்துவிட்டேன், ஆனால் நீங்கள் உட்கார்ந்தால்... சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சனிக்கிழமை காலைக்கு முடிந்துவிடும்.

அதற்கு முன்னே, அவளிடம் போவதற்கு முன்னே, வெறுங்கையோடு போகக்கூடாது என்று தோன்றியது. ஒரு வார்த்தையாவது எடுத்துக் காட்டினால் நம்புவாள். எந்த வார்த்தை? அவள் பேர். உங்கள் பேரைக் கண்டுபிடித்துவிட்டேன் அக்கா, இதோ என்று. தலையைத் தூக்கி வாழ்த்துப்பத்திரத்தைப் பார்த்து கமலாம்பிகை என்பதை ஒரு காகிதத்தில் உருவம் உருவமாக எழுதினான், கொம்பு, கால், சுழி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணினான், ஒன்பது. ஐகாரக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்துவிடுவதால் வார்த்தை க-வில் தொடங்கி க-வில் முடிகிறது, இது நல்ல அடையாளம். க எது? முதல் வரி, தலைப்பு, கல்வெட்டு என்றுதான் போட்டிருக்கிறார் என்று அவளே சொல்லியிருந்தாள், ஆக முதல் எழுத்து, தொப்பிக்காரன். தொப்பியில் தொடங்கி தொப்பியில் முடிகிற ஒன்பது. பத்தொன்பது வருடம் சில்லு பார்த்த கண், இது அதற்குப் பழக்கமான வேலைதான், அர்த்தம் தெரிய வேண்டாம், வடிவம் போதும். விரலைத் திரையில் வைத்து வரி வரியாக இறங்கினான். முதல் பக்கம் இல்லை. பிறந்தது, படித்தது பற்றி இருக்கும், அவள் எங்கே வருவாள். இரண்டாம் பக்கம் இல்லை. துறைமுகம். மூன்றாம் பக்கத்திலும் இல்லை, மூன்றாம் பக்கத்தை இரண்டு முறை பார்த்தான். நான்காம் பக்கம், பாதிக்குக் கீழே, தொப்பி... தொப்பி. எண்ணினான். எட்டு. மறுபடி எண்ணினான், எட்டுதான், கடைசித் தொப்பிக்கு முன்னால் கொம்பு இல்லை, கால் இருக்கிறது, தலைப்புக்குக் கீழே சிவகுருநாதன் என்ற பேரில் வருகிற அதே கால். க, பல எழுத்துக்கு முன்னால் வருகிற ஒன்று, கொம்பாகத்தான் இருக்கும், ஏதோ ஒன்று, ஏதோ ஒன்று, சுழி... வாய்க்குள் வைத்து உருட்டினான், இந்தத் தடவை உருட்டினான், கட்டாயமாக, இல்லை, கொம்பு இருக்கிறதே, கை, கடை... கடைசியாக. கடைசியாக என்று எழுதியிருக்கிறார். அந்த வரியில் அதற்குப் பிறகு ஐந்து வார்த்தை, பிறகு முற்றுப்புள்ளி.

நான்கு பக்கத்தையும் மறுபடி மேலிருந்து பார்த்தான். பேருக்குப் பின்னால் ஐ, இன், உக்கு என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அதையும் தேடினான். இல்லை. மனைவி என்று எழுதியிருக்கலாம், துணைவி, இல்லாள், டீச்சர்... பெரியவர்கள் என்ன வார்த்தை போடுவார்கள், அவனுக்குத் தெரியாது, எத்தனை வார்த்தையைத் தேடுவது. அந்தக் கடைசி ஐந்து வார்த்தையில் அவள் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அப்போதுதான் அது வந்தது, கொஞ்சமாக, வெயிலில் வந்தவனுக்கு விசிறிக்காற்று படுவதுபோல், ஒரு நிம்மதி. அவள் பேர் இதில் இல்லையென்றால் அதை நான் அழிக்கவில்லை. அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்குள் அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்து நின்றது. எல்லாம் போய்விட்டது அக்கா, ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை, என் தப்பு, திட்டுங்கள் என்று சொல்லிவிட்டால்? திட்டுவாள், அழுவாள், பாயான் பாரு முழுக்கச் சொல்வாள், இனி எவனும் அவனைக் கூப்பிடமாட்டான். ஆனால் அவர் என்னைப் பற்றி எழுதியிருந்தார், இந்தப் பாவி அழித்துவிட்டான் என்று காலம் முழுக்க நம்பலாம், நம்பிக்கொண்டு இருக்கலாம். அது அவளுக்கு நல்லதுதானே. இரக்கம்தானே... ஆனால் யாருக்கு இரக்கம். ஒவ்வொரு எழுத்தாக உட்கார்ந்து இறக்கி, நான்காம் பக்கம் முடியும்போது அவள் முகம் எப்படி ஆகிறது என்று பக்கத்து நாற்காலியிலிருந்து பார்க்க வேண்டியவன் யார்.

"காஜா மொய்தீன் வாறதுக்கு முன்னம் ஒருக்கா நான் பார்க்கட்டோ, தம்பி? எழுத்துப்பிழை இருந்தால் அவர் மானம்தான் போகும். இருங்கோ, கண்ணாடியை எடுத்திட்டு வாறன்."

இருங்கக்கா என்று சொல்ல வாயைத் திறந்தான், அவள் அறைக்குள் போய்விட்டாள், மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தம், எதையோ தள்ளித் தேடும் சத்தம். திரையில் தொப்பிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். சின்னதாக்கிவிட்டால் மலைப்படம் வரும். மூடிவிட்டால் அதுவும் வராது, அழித்தே விட்டால் யார் கேட்கப்போகிறார்கள், சுட்டி அங்கேதான் நின்றது, அவன் கை அதன்மேல்தான் இருந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் எல்லாம் போய்விட்டது என்று அவளே நினைத்துக்கொள்வாள், அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது, அதற்குரிய டிக் ஏற்கனவே போட்டாகிவிட்டது, இந்த முறை போட்டது வேறு யாரும் இல்லை. எடுக்க வேண்டுமென்றால் எடுக்கலாம், ஓரத்தில் காரணம் எழுத வேண்டும், எந்த மொழியில் என்றுகூட யோசிக்க வேண்டியதில்லை... ரொஸ்னாவின் பிள்ளைக்குப் பேர் என்ன? பதினொரு வருடம் பக்கத்தில் இருந்தவள், பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு லைன் முழுக்கக் கேக் கொடுத்தாள், பேர் சொல்லித்தான் கொடுத்தாள். நினைவுக்கு வரவில்லை. எங்கே போனது, எந்த நாளில் எடுத்துவிட்டேன்? உள்ளே இழுப்பறை மூடியது, கண்ணாடிக் கூடு டப்பென்று திறக்கும் சத்தம் கேட்டது.